ஆர்டர் தொகையைப் பார்த்துத் தலைமை நிர்வாகியை நியமிக்காதீர்கள்: அரசுத் தொழில்நுட்ப ஒப்பந்த நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு

மதிப்பிற்குரிய இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அரசுத் துறைகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிற, கணினி மையம் நடத்துகிற, ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற நிறுவனங்களில் டெண்டர் தயாரிப்பது முதல் பில் போடுவது வரை எல்லா மட்டத்திலும் வேலை பார்ப்பவர்கள் நாங்கள். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த தலைமை நிர்வாகியைத் தேடும்போது, "இவர் எத்தனை கோடிக்கு ஆர்டர் பிடிப்பார்?" என்று தொடங்காதீர்கள். நடக்காத வேலையை நடக்காது என்று அரசிடம் எழுத்தில் சொன்ன அனுபவம் இவருக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். இந்தத் தொழிலின் பெரிய சரிவுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் அவை தொடங்கியிருக்கின்றன.

அந்த ஆர்டர் தொகையிலிருந்தே தொடங்குவோம். "ஐந்தாண்டுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம்" என்று அறிவிப்பு வருகிறது, பங்கு விலை ஏறுகிறது. ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால், உறுதியானது முதல் ஓராண்டு மட்டும். மீதி நான்கும் அரசு விரும்பினால் நீட்டிக்கலாம் என்ற விருப்ப ஆண்டுகள். அந்த முதலாண்டுக்கும் இப்போது ஒதுக்கியிருக்கும் பணம் ஆறு மாதத்துக்கு, அதாவது 5 கோடி. ஆக, நம்பிச் செலவு செய்யக்கூடியது அறிவித்ததில் பத்தில் ஒரு பங்கு. கையிலிருக்கும் ஆர்டர்களை நிதி ஒதுக்கியது, ஒதுக்காதது, விருப்ப ஆண்டு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டாத தலைமை நிர்வாகி உங்களுக்குப் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார். செலவை ஈடுகட்டும் வகை ஒப்பந்தங்களில் அமெரிக்கக் கூட்டரசு விதி இன்னும் கறார். அடுத்த 60 நாள் செலவையும் சேர்த்து ஒதுக்கீட்டின் 75 விழுக்காட்டைத் தாண்டப் போகிறோம் என்று தெரிந்தவுடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வேலையைத் தொடர்ந்து ஒதுக்கீட்டைத் தாண்டினால், அந்தச் செலவைத் தர அரசுக்குக் கடமையில்லை. இது கணக்குப் பிரிவின் வேலை என்று தள்ளிவிடும் தலைவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வேலையை நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவை அவர்தான் எடுத்தாக வேண்டும்.

பட்ஜெட் நிறைவேறாமல் அரசு முடங்கும் காலமும் இதில் சேர்ந்ததே. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை அமெரிக்கக் கூட்டரசின் ஒரு பகுதி 35 நாள் முடங்கியது. அரசு ஊழியர்களுக்கு அந்த நாட்களின் சம்பளம் பின்னர் கிடைத்தது. ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இல்லை. இப்படிப்பட்ட நாட்களுக்காகத் தலைமை நிர்வாகி குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பணமோ வங்கிக் கடன் வரம்போ வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது விலை. டெண்டரில் விலையைக் குறைப்பது பலருக்கும் வீரமாகத் தெரிகிறது. அந்தக் குறைப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு பொறியாளரின் ஒரு மணி நேரச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம் 35 சேர்ந்து 135. அலுவலகம், மேற்பார்வைச் செலவு அதன்மேல் 20 விழுக்காடு ஏறினால் 162. பொது நிர்வாகச் செலவு 10 விழுக்காடு சேர்ந்து 178. லாபம் 7 விழுக்காடு வைத்தால் அரசு கொடுப்பது ஏறக்குறைய 191. இந்த 191-ஐப் பத்து விழுக்காடு குறைக்கச் சொன்னால் 19 போக வேண்டும். லாபத்தை முழுவதுமாக விட்டுக்கொடுத்தாலும் 13-க்கு மேல் தேறாது. லாபத்தை எந்த நிறுவனமும் முழுவதும் விடப்போவதுமில்லை. அலுவலக வாடகையும் நிர்வாகச் செலவும் ஒரு டெண்டருக்காக இறங்கிவிடாது. கடைசியில் கத்தி விழுவது அந்த 100-இன் மேல்தான். 100 வாங்கும் ஆளுக்குப் பதில் 90-க்கு வருபவரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பத்துப் பேர் வேலையை ஒன்பது பேரிடம் தள்ள வேண்டும். டெண்டர் ஆவணத்தில் பெயர் போட்டுக் காட்டிய மூத்த வடிவமைப்பாளர் வேலை தொடங்கிய மூன்றாம் மாதம் வேறு திட்டத்துக்குப் போய்விடுவதன் காரணம் இங்கே இருக்கிறது. விலையைக் குறைக்க ஒப்புதல் தரும் தாளிலேயே யாருடைய இடத்தில் யார் வரப்போகிறார் என்று தலைமை நிர்வாகி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதும்போது பாதிக் குறைப்புகள் தாமாகவே நின்றுவிடும்.

குறைந்த தொகையில் தொடங்கிய வேலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் சாட்சி. அங்கே சுகாதாரத் துறை ஊழியர்களின் சம்பள மென்பொருளுக்கு ஐ.பி.எம்.முடன் முதலில் பேசிய விலை 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2010 மார்ச்சில் அது ஓடத் தொடங்கியதும் பலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு வரவே இல்லை. மொத்தச் செலவு 125 கோடி டாலரைத் தொடும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். 2013-இல் விசாரணை ஆணையமே விசாரிக்க வேண்டியதாயிற்று.

கனடாவின் ஃபீனிக்ஸ் சம்பளத் திட்டத்தை இதைவிட நெருக்கமாகப் பார்க்கச் சொல்கிறோம், ஏனென்றால் ஒரு தலைமை நிர்வாகி நிறுத்தியிருக்கக்கூடிய கட்டம் அதில் தெளிவாகத் தெரிகிறது. திட்டமிடும் பணி முடிந்தபின், 2012-இல் ஐ.பி.எம். அரசிடம் சொன்ன கட்டுமானச் செலவு 27.4 கோடி கனடிய டாலர். கருவூல வாரியம் அனுமதித்திருந்ததோ 15.5 கோடி. கூடுதல் பணம் கேட்பதற்குப் பதிலாக, துறையின் அதிகாரிகள் ஒப்பந்த நிறுவனத்தோடு உட்கார்ந்து வேலையைச் சுருக்கினார்கள். வசதிகள் வெட்டுப்பட்டன, காலம் குறுகியது, வேலைக்கான ஆட்கள் குறைந்தார்கள். வெட்டிய வசதிகளில் ஒன்று, முன்தேதியிட்டுச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கணக்கிடுவது. அரசு ஊழியர் சங்கங்களோடு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் ஒவ்வொரு முறையும் தேவைப்படுவது அது. ஒரு துறையில் நடத்திப் பார்க்கவிருந்த முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் மென்பொருள் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 3 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் தரும் அமைப்பு தடுமாறியது. கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் 2018 அறிக்கையில் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார்.

தணிக்கையாளர் முதன்மையாகக் குறை சொன்னது துறையின் அதிகாரிகளைத்தான். ஆனாலும் நாங்கள் கேட்பது இது: 27.4 கோடி வேலையை 15.5 கோடிக்குள் அடக்கச் சொல்லும் மேசையில், எதிர்ப் பக்கம் இருக்கும் நிறுவனத்தின் தலைவர் என்ன செய்ய வேண்டும்? வேலையை உதறிவிட்டு வரச் சொல்லவில்லை. ஒரு கடிதம் எழுத வேண்டும். வெட்டும் ஒவ்வொரு வசதிக்கும் அதில் ஒரு வரி. "பாக்கிக் கணக்கு நீக்கப்படுகிறது. ஊதிய ஒப்பந்தம் வரும்போது இத்தனை பேருடைய கணக்கைக் கையால் போட வேண்டும். ஒருவருக்கு இத்தனை நிமிடம். ஆக இத்தனை எழுத்தர்கள் இத்தனை மாதம் வேண்டும். இப்போது உங்களிடம் இருப்பவர்கள் இத்தனை பேர்." இப்படி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வசதியை வெட்டச் சொன்ன அதிகாரிக்கு மேலே இருப்பவருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். இதைத் திட்ட மேலாளரால் செய்ய முடியாது. அவர் தினமும் அந்த அதிகாரியின் முகத்தில் விழிக்க வேண்டியவர். அவருடைய மதிப்பீட்டை எழுதுபவரும் அந்த அதிகாரிதான். அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்காகத்தான் தலைமை நிர்வாகிக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

அப்படிக் கடிதம் எழுத, உண்மை நிலை முதலில் அவர் காதுக்கு எட்ட வேண்டும். வாராந்திர அறிக்கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் தீட்டும் வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. திட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் சிவப்பு என்கிறார்கள். மேலாளர் தன்னால் சமாளிக்க முடியும் என்று மஞ்சளாக்குகிறார். பிரிவுத் தலைவர் காலாண்டு முடியட்டும் என்று பச்சையாக்குகிறார். யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் கொஞ்சம் நம்பிக்கை சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனவே நிறத்தை விட்டுவிட்டு எண்களைக் கேட்கச் சொல்லுங்கள். மீதி வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கீழிருந்து புதிதாகக் கூட்டிய கணக்கு வேண்டும். மொத்த பட்ஜெட்டிலிருந்து செலவழித்ததைக் கழித்து "மீதி இவ்வளவு" என்று காட்டினால் அது கணக்கே இல்லை, எந்தத் திட்டமும் அப்படிப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். மாறுதல் ஆணை கையெழுத்தாகாமல் வாய்வார்த்தையை நம்பிச் செய்துகொண்டிருக்கும் வேலையின் மதிப்பு, டெண்டரில் பெயர் கொடுத்தவர்களில் இன்னும் இருப்பவர்கள் எத்தனை பேர், 60 நாளுக்கு மேல் பணம் வராத பில் எவ்வளவு, இவையும் வேண்டும்.

இன்னும் ஒன்று, எங்கள் கணிப்பில் மிக முக்கியமானது: உண்மைத் தரவை வைத்து ஒரு கோரிக்கையை முதல் திரையிலிருந்து கடைசிப் பதிவு வரை முழுவதுமாக ஓட்டிப் பார்க்கும் சோதனை எந்தத் தேதியில் நடக்கும்? பொதுமக்கள் மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை முழுவதுமாக முடிக்க முடிந்தது 6 பேரால் மட்டுமே என்று உள்குறிப்புகள் காட்டின. சி.ஜி.ஐ. ஃபெடரல் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அதில் வேலை செய்தன. அந்த மாதமே நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, முழுச் சோதனை தளம் திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்றும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் இருந்திருக்க வேண்டும் என்றும் ஒப்பந்ததாரர்கள் சொன்னார்கள். அவரவர் பகுதி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். பகுதிகளை இணைக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் ஆரம்பத்திலிருந்தே தெளிவில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் திட்டத்தில் தலைமை நிர்வாகி முதல் மாதமே கேட்க வேண்டிய கேள்வி இது. பதிலாக ஒரு பெயர் வராவிட்டால், பெயர் இல்லை என்பதை அரசுக்கு எழுத வேண்டும். இரண்டு வாரம் இருக்கும்போது சொன்னால் அது சாக்குப்போக்காகவே கேட்கும்.

கீழே இருப்பவர்கள் உண்மையை மறைப்பதற்கு மிகப் பெரிய காரணம், மேலே வைக்கும் இலக்கு. அமெரிக்க அரசுப் பணிக்கு வருபவர்களின் பின்னணியை விசாரித்துக் கொடுத்த யு.எஸ்.ஐ.எஸ். நிறுவனத்தில் நடந்ததாக அந்நாட்டு அரசின் சார்பில் வழக்கு நடத்தும் நீதித் துறை வைத்த குற்றச்சாட்டைப் படியுங்கள். விசாரணை அறிக்கை அனுப்பினால்தான் கட்டணத்தின் பெரும்பகுதி வரும். அனுப்பும் முன் ஒரு தரப் பரிசோதகர் ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். வருவாய் இலக்கை எட்டுவதற்காக, படிக்காத அறிக்கைகளைப் படித்து முடித்ததாகக் குறித்து மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள் என்பது புகார். 2008 மார்ச் முதல் 2012 செப்டம்பர் வரை குறைந்தது 6,65,000 அறிக்கைகள் அப்படிப் போயின என்று அரசு சொன்னது. 2014-இல் அரசு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. 2015 பிப்ரவரியில் தாய் நிறுவனம் திவால் மனு போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அரசிடமிருந்து வர வேண்டிய குறைந்தது 3 கோடி டாலரை விட்டுக்கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். பரிசோதகர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். மாதக் கடைசியில் இத்தனை அறிக்கை போயாக வேண்டும் என்று மேலிருந்து எண் வருகிறது, படிப்பதற்கோ அதற்குத் தேவையான ஆட்கள் இல்லை. அந்த எண்ணும் ஆள் கணக்கும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் தலைமை நிர்வாகியின் மேசை ஒன்றுதான்.

உள்ளிருந்து வரும் புகாரும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். நியூயார்க் நகராட்சியின் சிட்டிடைம் வருகைப்பதிவுத் திட்டம் சுமார் 6.3 கோடி டாலரில் தொடங்கி 60 கோடியைத் தாண்டியது. லஞ்சமும் பொய் நேரக் கணக்கும் அதில் கலந்திருந்தன. 2012 மார்ச்சில் அந்தத் திட்டத்தின் ஒப்பந்த நிறுவனமான எஸ்.ஏ.ஐ.சி. 50 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2005-லேயே உள்ளிருந்து ஒருவர் புகார் எழுதியும் அதைச் சரியாக விசாரிக்கவில்லை என்பதையும் அப்போது ஏற்றுக்கொண்டது. புகார் சொல்லப்பட்டவரிடமே அல்லது அவருடைய மேலதிகாரியிடமே புகார் போய்ச் சேரும்படி அமைப்பு இருந்தால், தலைவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தும் பயனில்லை. புகார் பெட்டியின் சாவி தணிக்கைக் குழுவிடம் இருக்கட்டும்.

பிரிட்டன் அஞ்சலகத்தின் ஹொரைசன் விவகாரத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் ஒப்பவில்லை. ஃபுஜிட்சு நிறுவனம் நடத்திய அந்த மென்பொருள் கிளைக் கணக்குகளில் பற்றாக்குறை காட்டியது. அதை நம்பிக் கிளை நடத்தியவர்கள்மேல் திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்குகள் போட்டார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். சிறை சென்றவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்ததையும், கிளைக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து கணக்கில் கைவைக்க முடிந்ததையும் 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. பிழைகள் ஆரம்பத்திலிருந்தே நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தன என்றும், இழப்பீட்டில் பங்கு தரும் தார்மீகக் கடமை உண்டு என்றும் அதன் ஐரோப்பியத் தலைவர் பால் பேட்டர்சன் 2024 ஜனவரியில் சொன்னார். தெரிந்த பிழைகளுக்கு ஒரு பட்டியல் எல்லா நிறுவனத்திலும் இருக்கிறது. வாடிக்கையாளர் நம் மென்பொருளின் எண்ணை வைத்து ஒரு மனிதரைக் குற்றம் சாட்டும் நாளில், அந்தப் பட்டியல் முழுவதும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தம் போய்விடுமே என்று சட்டப் பிரிவு தயங்கும். அனுப்பு என்று சொல்ல வேண்டியவர் தலைமை நிர்வாகி. மன்னிப்புக் கேட்க 25 ஆண்டு கழித்து ஒருவர் வந்து என்ன பயன்?

கணக்கு விஷயத்தில் ஒன்று சொல்லி நகர்கிறோம். தனியார், வெளிநாட்டு வேலைகளுக்கு ஆன செலவை அரசு ஒப்பந்தங்களின் மறைமுகச் செலவில் ஏற்றியதாக எழுந்த வழக்கில், 2023 ஜூலையில் பூஸ் ஆலன் ஹாமில்டன் 37.7 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. புதிய வணிகத்தில் நஷ்டம் வருகிறது, அதைச் செலவுத் தொகுப்பில் எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்போது தலைவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இணையப் பாதுகாப்பும் இப்படித்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இரகசியமல்லாத, ஆனால் காக்க வேண்டிய தகவல்களைக் கையாளும் நிறுவனம் 110 தேவைகளை நிறைவேற்றியாக வேண்டும், ஊடுருவல் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செய்துவிட்டோம் என்று உயர் அதிகாரி கையெழுத்திடுகிறார். செய்யாமல் கையெழுத்திட்டால் அரசை ஏமாற்றிய வழக்கு. இரகசியப் பணி எடுக்கும் நிறுவனமானால் உயர்நிலை நிர்வாகிக்கு நிறுவனத்துக்குக் கொடுக்கும் பாதுகாப்பு அனுமதியின் மட்டத்துக்கு நிகரான தனி அனுமதி தேவை. அது கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்பதால் தேர்வின் முதல் வாரத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகளை இந்தப் பதவிக்குக் கொண்டுவருவது பற்றி எங்களுக்குள் நிறைய விவாதம் உண்டு. துறை எப்படி முடிவெடுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அது பெரிய பலம். அவருடைய தொலைபேசித் தொடர்புகளுக்காக எடுக்கிறீர்கள் என்றால் வேண்டாம். 2002-இல் போயிங் நிறுவனம், அமெரிக்க விமானப்படைக் கொள்முதல் அதிகாரி ஒருவர் பதவியில் இருக்கும்போதே அவரோடு வேலை பேசியது. அந்த விவகாரத்தில் நிதித் தலைவர் சிறை சென்றார், தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

இனி நேர்காணல். வென்ற ஒப்பந்தங்களைப் பற்றி அவர்களே பேசுவார்கள், கேட்க வேண்டியதில்லை. டெண்டரில் கலந்துகொள்ளாமல் விட்ட ஒன்றைச் சொல்லி, ஏன் விட்டார் என்று எண்களோடு விளக்கச் சொல்லுங்கள். ஒரு திட்டம் சிவப்பு என்று அவருக்குத் தெரிந்த நாளுக்கும் அரசுக்குச் சொன்ன நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று கேளுங்கள். அவரிடம் வேலை பார்த்த இரண்டு திட்ட மேலாளர்களிடமும், முடிந்தால் அவரோடு சண்டை போட்ட ஒரு கொள்முதல் அதிகாரியிடமும் பேசுங்கள்.

நியமனக் கடிதத்தில் நாங்கள் சேர்க்கச் சொல்வது இவை. ஆண்டு போனஸில் பாதியாவது ஒப்படைத்த வேலையின் மேல் அமைய வேண்டும். அது அரசு எழுதும் செயல்திறன் மதிப்பீடு, மூத்த ஆட்களைத் தக்கவைத்தது, முதல் முழுச் சோதனை சொன்ன தேதியில் நடந்ததா என்பவற்றைப் பொறுத்து. புதிய ஆர்டருக்கான பகுதியில் நிதி ஒதுக்கிய தொகையை மட்டும் கணக்கில் எடுங்கள். போனஸை மூன்றாண்டுக்குப் பிரித்துக் கொடுங்கள். நீங்கள் குறித்த வரம்புக்கு மேற்பட்ட திட்டங்களின் உண்மை நிலையைத் தனிப் பரிசோதகர் ஒருவர் காலாண்டுக்கொரு முறை, தலைமை நிர்வாகி அறையில் இல்லாதபோது, நேரடியாக உங்களிடம் சொல்லட்டும். அந்தப் பரிசோதகரை நீக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். அரசுக்கு "முடியாது" என்று எழுதியதால் ஓர் ஒப்பந்தம் கைவிட்டுப் போனால், அந்த ஆண்டு அவருடைய போனஸ் அதற்காகக் குறையாது என்றும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அரசுத் தொழில்நுட்ப ஒப்பந்தப் பணிகளில் இருக்கும் டெண்டர், திட்ட மேலாண்மை, சோதனை, கணக்குப் பிரிவு ஊழியர்கள்